சுங்கை சிப்புட்டுக்குத் தனியாக வருகிறவர்களுக்கு

மலேசியாவுக்குத் தனியாக விடுமுறைக்கு வரும் தமிழ்நாட்டு நண்பர்கள் பெரும்பாலும் இரட்டைக் கோபுரம், பத்துமலை, பினாங்கு, லங்காவி என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பயணத்தில் மூன்று நாளைப் பிரித்து ஒரு தோட்டப் பட்டணத்துக்குக் கொடுங்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் சுங்கை சிப்புட் எங்கள் ஊர். ரப்பரும் அப்புறம் செம்பனையும் (எண்ணெய்ப்பனை) சுற்றி நின்று வளர்த்த ஊர். எல்பில், ஹீவுட், டோவன்பி என்ற தோட்டப் பெயர்களை இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் பார்க்கலாம்.

நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கிற இடங்களைத் தேடி இங்கே வர வேண்டாம். ஊரின் அன்றாடம்தான் இங்கே பார்க்க வேண்டியது. அதற்கென்று ஒரு நேரக்கணக்கு உண்டு. விடியுமுன் எழும்பும், மத்தியானம் அடங்கும், சாயங்காலம் மறுபடியும் வெளியே வரும். அந்த நேரத்தோடு உங்கள் நேரத்தைச் சேர்த்துவிட்டால் தனியாக வந்தவருக்கும் நாள் போதாது. ஒன்பது மணிக்கு எழுந்து பதினொரு மணிக்குக் கிளம்புகிறவருக்குப் பாதி மூடிய கடைகளும் வெயிலும்தான் கிடைக்கும். கீழே சொல்வதையெல்லாம் இந்தக் கணக்கை மனதில் வைத்தே படியுங்கள்.

வருவதற்கு முன்

இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்கள் 2023 டிசம்பரிலிருந்து விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம். இந்தச் சலுகை 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. விசா வேண்டாம் என்பதால் கேள்வியும் இருக்காது என்று எண்ண வேண்டாம். திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று மூன்றையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். அதிகம் பேர் போகாத ஒரு ஊரின் பெயரைத் தனியாக வருகிறவர் சொன்னால் குடிநுழைவு அதிகாரி கூட ஒரு கேள்வி கேட்கலாம். ஊர் பார்க்க வந்திருக்கிறேன், இந்த விடுதியில் தங்குகிறேன் என்று நேராகச் சொன்னால் போதும்.

மின்னியல் வருகை அட்டையை வந்திறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் குடிநுழைவுத் துறையின் சொந்த இணையதளத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அதை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பெட்டியில் மறக்காமல் வைக்க வேண்டியவை கொஞ்சம்தான். இங்குள்ள மின்செருகி சதுரக் கால் மூன்று கொண்டது, இந்திய உருண்டைக் கால் நுழையாது, அதனால் ஒரு அடாப்டர். குடை. கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு, ஏனென்றால் வீடு, கோயில், சில கடைகள் என்று நாள் முழுக்கக் கழற்றிக்கொண்டே இருப்பீர்கள். டெங்கி உள்ள நாடு, கொசு மருந்து கட்டாயம். அப்புறம், பழனியிலிருந்தோ உங்கள் ஊர்க் கோயிலிலிருந்தோ கொஞ்சம் திருநீறு, சின்னச் சின்னப் பொட்டலமாக. யார் வீட்டிலாவது உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தால் பதிலுக்குக் கொடுக்க அதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரியவில்லை. செடி, விதை, மண் எதுவும் கொண்டுவராதீர்கள், சுங்கத்தில் சிக்கல்.

ஊர் வந்து சேர்வது

விமான நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு வந்து அங்கே இ.டி.எஸ். மின்ரயில் ஏறுவதுதான் சுலபமான வழி. ஈப்போவுக்கு இரண்டரை மணி நேரம் போல ஆகும், அடுத்த அரை மணியில் சுங்கை சிப்புட். எல்லா ரயிலும் எங்கள் ஊரில் நிற்காது என்பதை டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். நிற்காத ரயில்தான் கிடைத்தது என்றால் ஈப்போவில் இறங்கி உள்ளூர்ப் பேருந்திலோ, கைப்பேசிச் செயலியில் கூப்பிடும் கிராப் வாடகை வண்டியிலோ வரலாம். டிக்கெட்டை ரயில் நிறுவனமான கே.டி.எம்.மின் செயலியில் எடுக்கலாம், கடப்பிதழ் எண் கேட்கும். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் பண்டிகை வாரமும் சீக்கிரம் தீர்ந்துவிடும். பெட்டிக்குள் குளிர் அதிகம், ஒரு மெல்லிய போர்வையாவது தோள் பையில் இருக்கட்டும்.

இரவு ஒன்பதுக்கு மேல் ஊர் வந்து இறங்குகிற மாதிரி வைத்துக்கொள்ளாதீர்கள். சின்னப் பட்டணத்தில் இரவில் கிராப் வண்டி கிடைப்பது நிச்சயமில்லை. மதியம் மூன்று, நான்கு மணிக்கு வந்து சேர்ந்தால் அறை எடுத்து, குளித்து, ஊர் மறுபடி விழிக்கிற நேரத்துக்கு வெளியே வந்துவிடலாம்.

தங்குமிடம்

மலேசியாவில் 'ஹோம்ஸ்டே' என்று பலகை போட்டிருந்தால் பெரும்பாலும் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒரு முழு வீட்டையே வாடகைக்கு விடுகிறார்கள் என்று பொருள். மூன்று அறை, கூடம், அடுப்படி எல்லாம் இருக்கும், கல்யாணத்துக்கு வருகிற குடும்பங்களுக்கு ஏற்றது. தனியாளுக்கு வாடகை கட்டுப்படியாகாது, பேச்சுத் துணைக்கும் ஆள் இருக்காது. பட்டணத்துக் கடைவரிசையில், மாடியில் இருக்கும் சின்ன விடுதியைப் பிடியுங்கள். கீழே இறங்கினால் சாப்பாட்டுக்கடை, மருந்துக்கடை, பேருந்து எல்லாம் நடக்கிற தூரம். வெளிநாட்டவருக்கு ஒரு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக உண்டு, அதைக் கேட்டால் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அறைக் கூரையில் ஒட்டியிருக்கும் அம்புக்குறி தொழுகைத் திசைக்கானது.

பெண்கள் தனியாக வருவதாக இருந்தால், தெருவைப் பார்த்த அறையாக, கீழே இரவு வெகுநேரம் கடை திறந்திருக்கும் வரிசையாகப் பார்த்துக் கேளுங்கள். ஆள் நடமாட்டம்தான் இங்கே பாதுகாப்பு.

முதல் காலை

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் நகர்த்தியிருப்பீர்கள், ஆனால் ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் கும்மிருட்டாக இருக்கும். தீபகற்பத்தில் சூரியன் எழுவது ஏறக்குறைய ஏழு, ஏழேகாலுக்கு. 1982-ஆம் ஆண்டின் முதல் நாள் தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னால் நகர்த்தி, சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள், அன்றிலிருந்து விடிவதும் இருட்டுவதும் கடிகாரத்தில் அவ்வளவு தள்ளிப் போனது. இருட்டு என்று திரும்பிப் படுக்காதீர்கள். ஊர் அப்போதே எழுந்திருக்கும். பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டுகிறவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டிருப்பார்கள். ஒட்டுக்கடைகளில், அதாவது தெருவோரச் சாப்பாட்டுக்கடைகளில், கல் காய ஆரம்பித்திருக்கும்.

ஆறரைக்குக் கீழே இறங்கிப் பசியாறப் போங்கள். கூட்டம் உள்ள கடையாகப் பார்த்து உட்காருங்கள். தனியாக ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை, இடம் இல்லாவிட்டால் யாரோ ஒருவர் எதிரே உட்காருவார், நீங்களும் அப்படி உட்காரலாம். "இங்க உட்காரலாமா ஐயா?" என்று ஒரு வார்த்தை போதும், அங்கிருந்தே பேச்சு தொடங்கிவிடும். கடைக்காரர் முதலில் "தண்ணி என்ன?" என்பார். என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்கிறார். வெறும் 'தே' என்றால் கெட்டியான டின்பால் கலந்து, நல்ல இனிப்பாக வரும். 'தே ஓ' என்றால் பாலில்லாத சீனித் தேநீர், 'தே ஓ கோசோங்' என்றால் சீனியும் கிடையாது. இனிப்புக் குறைவாக வேண்டுமானால் 'குராங் மானிஸ்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். காப்பிக்கும் இதே கணக்குதான். கட்டிக்கொண்டு போக வேண்டுமானால் 'தாப்பாவ்'.

சாப்பாட்டில் ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி), தோசை, இட்லி, இலையில் மடித்த நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) எல்லாம் கிடைக்கும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் வாய் திறந்து கேட்டே ஆக வேண்டும். நாசி லெமாக்கின் சம்பலில் பெரும்பாலும் பிளாச்சான் இருக்கும், அதாவது இறால் அரைத்த விழுது, மேலே நெத்திலியும் இருக்கும். ரொட்டிக்கு ஊற்றும் குழம்பு சில கடைகளில் பருப்பு, சில கடைகளில் மீன். "அக்கா, இது சைவமா?" என்று கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ரொட்டியும் தேநீரும் ஐந்து வெள்ளியை ஒட்டி முடிந்துவிடும். ரிங்கிட்டை எங்கள் ஊரில் வெள்ளி என்றுதான் சொல்வோம். 50, 100 தாளைக் காலையிலேயே ஒட்டுக்கடையில் நீட்டாதீர்கள், அவர்களிடம் சில்லறை இருக்காது. முந்தின நாளே பல்பொருள் கடையில் மாற்றி 1, 5, 10 தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்குள் போவது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.

தோட்டம் என்பது தனியார் நிலம். வாசலில் காவலுக்கு ஆள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். திறந்து கிடக்கிறது என்று தனியாக நடந்து உள்ளே போகாதீர்கள். செம்பனைக்குள் பத்து நிமிடம் நடந்தால் எல்லா வரிசையும் ஒரே மாதிரி தெரியும், திரும்பும் வழி தவறிவிடும். எலிக்காகப் பாம்பு வரும், கைப்பேசிக்குத் தொடர்பும் பல இடங்களில் கிடைக்காது. அதைவிட முக்கியமான காரணம், அது மக்கள் வேலை செய்கிற, குடியிருக்கிற இடம்.

முறையான வழி இதுதான். தோட்ட அலுவலகத்துக்குப் போய்க் கிராணியிடம் (எழுத்தரிடம்) அனுமதி கேட்பது, அல்லது அந்தத் தோட்டத்தில் வேலை செய்த ஒருவரோடு போவது. இரண்டாவது வழிக்கு ஆள் தேடி அலைய வேண்டாம். காலைப் பசியாறலிலோ மாலைக் கோயிலிலோ "நான் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கிறேன், பால்மரம் வெட்டுவதைப் பார்க்க ஆசை" என்று சொல்லிப் பாருங்கள். தெரிந்த அண்ணன் ஒருவரைக் காட்டிவிடுவார்கள். வண்டிக்கு எண்ணெய்ச் செலவையும் சாப்பாட்டையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பணமாகக் கையில் திணித்தால் சிலர் வருத்தப்படுவார்கள், அவர் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள்.

ரப்பர் இப்போது பெரிய தோட்டங்களில் குறைந்து சிறு தோட்டக்காரர்களிடம்தான் அதிகம். விடியுமுன் வெட்டுவதற்குக் காரணம், குளிர்ந்த நேரத்தில்தான் மரத்துக்குள் பாலின் அழுத்தம் அதிகம், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். பட்டையை ஆழமாக வெட்டாமல், மெல்லிய சீவலாகச் சாய்வாக இழுப்பார்கள். ஆழம் போனால் மரத்துக்குக் காயம், மேலோட்டமாக இருந்தால் பால் இல்லை. அந்தக் கை நிதானத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்காகவே ஒருநாள் நாலரைக்கு எழலாம். மழை பெய்தால் வேலை கிடையாது, பால் நீரோடு வழிந்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில் மரங்கள் இலை உதிர்க்கும், அந்த மாதங்களில் பால் குறைவு.

செம்பனையில் வேலை வேறு மாதிரி. உயர்ந்த மரத்தில் நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளால் மட்டையையும் குலையையும் இழுத்து வெட்டுவார்கள். குலை ஒன்று 20 கிலோவுக்கு மேலும் இருக்கும், அது விழும் பக்கம் நிற்கவே கூடாது. வெட்டியதை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு அனுப்பப் பார்ப்பார்கள், தாமதித்தால் எண்ணெயின் தரம் கெடும். அதனால் வேலை செய்கிறவரை நிறுத்திவைத்துக் கதை கேட்க வேண்டாம், ஓய்வுக்கு உட்காரும்போது கேளுங்கள். இன்று குலை வெட்டுகிறவர்களில் பலர் வங்காளதேசத்தவர், இந்தோனேசியர், நேப்பாளியர். தமிழ்க் குடும்பங்கள் பெருமளவு தாமான்களுக்கு வந்துவிட்டன. பழைய லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், சில இடங்களில் இன்னும் குடியிருக்கிறார்கள், சில இடங்களில் கோயில் மட்டும் நிற்கிறது.

லயத்தைப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். உள்ளே இருப்பது ஒருவரின் வீடு. துருப்பிடித்த தகரத்தையும் காயப்போட்ட துணியையும் படம் பிடித்து ஏழ்மை என்று தலைப்புப் போடுகிறவர்களைப் பார்த்து இங்குள்ளவர்கள் மனம் நொந்திருக்கிறார்கள். அந்த லயத்திலிருந்து ஆசிரியர்களும் மருத்துவர்களும் வந்திருக்கிறார்கள். அந்தக் கதையை யாராவது சொன்னால், உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள்.

மத்தியானம்

பன்னிரண்டிலிருந்து நான்கு வரை வெளியே அலைய வேண்டாம். வாழையிலைச் சாப்பாட்டை முடித்து அறைக்குப் போய்விடுங்கள். துணி துவைக்கக் காசு போடும் இயந்திரக் கடைகள் உண்டு, குடிநீர் நிரப்பும் இயந்திரங்கள் உண்டு, இரண்டும் இந்த நேரத்து வேலைகள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகைக்காக அலுவலகங்களும் மலாய்க் கடைகளும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூடியிருக்கும். பிற்பகலில் இடியோடு மழை வந்து ஒரு மணி நேரத்தில் ஓய்வது இங்கே வழக்கம், ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பரிலும் அதிகம்.

மாலை

மழை விட்டதும் ஊர் வெளியே வரும். ஐந்து மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். மகாத்மா காந்தி கலாசாலைத் தமிழ்ப்பள்ளிப் பக்கம் போய்ப் பாருங்கள், வெளியில் நின்று பார்த்தாலே போதும், உள்ளே போக அனுமதி வேண்டும். இந்தப் பள்ளி உருவாக முன்னின்றவர் துன் வீ. தி. சம்பந்தன். 1919-இல் இதே ஊரில் பிறந்து, நாடு விடுதலை பெற்ற காலத்தில் அமைச்சராக இருந்தவர். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது தொழிலாளிகள் வேலையும் வீடும் ஒன்றாக இழந்தார்கள். அப்போது தொழிலாளிகளின் சின்னச் சின்னத் தவணைப் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை அவர்களே வாங்க வேண்டும் என்று 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஊர்ப் பெரியவர்களிடம் அந்தத் தவணையின் பெயரான 'பத்து வெள்ளித் திட்டம்' என்று சொல்லிப் பாருங்கள், உங்களுக்கு மாலை முழுவதும் பேச்சுத் துணை கிடைத்துவிடும்.

இன்னொரு வரலாறும் இந்த ஊருக்கு உண்டு. 1948 ஜூன் 16 அன்று எல்பில், பின் சூன் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு எதிராகப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. ஊரடங்கும் அரிசிக் கட்டுப்பாடும் முள்வேலியுமாக வாழ்ந்த குடும்பங்கள் இங்கே உண்டு. இதை நீங்களாகத் துருவாதீர்கள், அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரத்தில் ஒரு நாள் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை கூடும். எந்த நாள், எந்தத் தாமானில் என்று விடுதியில் கேட்டுவிட்டு அந்த நாளையும் சேர்த்துப் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். அப்பாம் பாலிக் (மடித்த இனிப்பு அப்பம்), வடை, கச்சாங் பூத்தே (வறுத்த கடலை, பயறு வகை), பொரித்த கோழி என்று இரவுச் சாப்பாடே அங்கே முடிந்துவிடும்.

பேச்சும் முறையும்

வயதில் மூத்தவர்களை ஐயா, அம்மா, பாட்டி என்றும் கடைக்காரர்களை அண்ணே, அக்கா என்றும் கூப்பிடுங்கள். மலாய்க்காரர்களுக்கு அபாங் (அண்ணன்), காக்காக் (அக்கா), பெரியவர்களானால் ஆண்களுக்குப் பாச்சிக், பெண்களுக்கு மாச்சிக். சீனக் கடைகளில் அங்கிள், ஆண்டி எல்லாருக்கும் பொருந்தும்.

"ஊர்ல எந்தப் பக்கம்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். திருச்சி, சேலம், தஞ்சாவூர், வடஆர்க்காடு என்று தாத்தா வந்த மாவட்டத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, ஊர்ப்பெயர் தெரியாமல் இருக்கிற குடும்பங்கள் பல. நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிய கதை சிலருக்குத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. உங்களிடம் ஒரு பழைய கடிதத்தையோ படத்தையோ காட்டி, இந்த ஊர் தெரியுமா என்று கேட்பார்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். தேடித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தால், படம் எடுத்துக்கொண்டுபோய்க் கட்டாயம் தேடுங்கள். வெறும் மரியாதைக்காகச் சொல்லிவிட்டுப் போகிற வாக்கை இங்கே வருடக்கணக்கில் நம்பிக் காத்திருப்பார்கள்.

அவர்கள் பேச்சில் மலாய் கலந்திருப்பதைத் திருத்தப் போகாதீர்கள். அரசு தமிழ்ப்பள்ளிகள் 500-க்கும் மேல் நடக்கிற நாடு இது.

பக்கத்து ஊர்கள்

மூன்றாவது நாளை வெளியே வைத்துக்கொள்ளலாம். வடக்கே கோலகங்சார். 1877-இல் கொண்டுவந்து நட்ட ரப்பர் கன்றுகளின் நினைவாகப் பழைய மரம் ஒன்று அங்கே வேலி போட்டு நிற்கிறது, பேராக்கின் தோட்ட வாழ்க்கை தொடங்கிய இடம் என்று அதைச் சொல்லலாம். 1917-இல் கட்டி முடித்த உபுடியா பள்ளிவாசலும் அருகில்தான். தெற்கே ஈப்போவில் கல்லுமலை முருகன் கோயில், புந்தோங் பகுதியின் கச்சாங் பூத்தே கடைகள். தைப்பூசத்தன்று வருவதாக இருந்தால் ஈப்போவில் அறை கிடைப்பது கடினம், எங்கள் ஊரில் தங்கிக்கொண்டு போய் வருவது நல்லது. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று போகும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள்.

உடம்புக்கு முடியாவிட்டால் கடைவரிசையிலேயே தனியார் கிளினிக் இருக்கும். மருத்துவரைப் பார்க்கிற இடத்திலேயே மருந்தும் தந்துவிடுவார்கள், தனியாக மருந்துக்கடைக்கு அலைய வேண்டாம். கடப்பிதழைக் கொண்டுபோங்கள். அவசரத்துக்கு எண் 999. தோட்டத்துக்குள்ளோ வேறு ஊருக்கோ போகிற நாளில், எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று விடுதி முகப்பில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

கிளம்பும் நாளில் விமானத்துக்கு அன்று மாலைதான் நேரம் என்றாலும் காலை ரயிலையே பிடியுங்கள். முந்தின நாள் சாயங்காலமே, பேசிப் பழகியவர்களிடம் போய்ச் சொல்லிக்கொண்டு வந்துவிடுங்கள், காலையில் அவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள்.